திங்கள், புதன், வெள்ளி

பாரத்தில் மூன்று கட்டங்கள்.
முதல் விருப்பம், இரண்டாவது, மூன்றாவது.
வெள்ளி மாலை நான்கு மணிக்குள்
ஃபெரி ஏறித் தீவுக்குப் போய்
ஆஸ்பத்திரி அலுவலகத்தில் கொடுத்துவிட வேண்டும்.

பாகான் ஜெர்மால் கோப்பிக்கடையில்
மூவரும் பென்சிலோடு உட்கார்ந்தோம்.
நூர் இஸாத்தி யோசிக்கவே இல்லை: அவசரப் பிரிவு.
சைரன் கேட்டால்தான் அவளுக்குக் கை ஓடும்.
ஸ்வீ லிங்குக்கு அறுவை அரங்கு.
"நோயாளி தூங்கிட்டு இருப்பாரு,
தண்ணி கேட்கமாட்டாரு,
சொந்தக்காரங்க வந்து ஏசமாட்டாங்க" என்றாள்
ஐஸ் மைலோவைக் கலக்கிக்கொண்டே.
என் ரப்பர்தான் தேய்ந்தது.

சீனியர்கள் சொல்வது வேறு:
முதலில் இரண்டு வருடம் பொது வார்டு,
முப்பது படுக்கை, இரண்டு கை,
அதில் தேறினால் எங்கும் தேறலாம்.
எதில் அலவன்ஸ் அதிகம் என்றான் அண்ணன்.
பிறையில் இரவு ஷிப்டு முடித்து வந்த அம்மா
சாக்ஸைக் கழற்றியபடி சொன்னாள்:
"எங்க நின்னாலும் காலு வலிக்கத்தான் போவுது."

பயிற்சியில் எல்லா இடமும் சுற்றியாயிற்று.
பிரசவ அறையில் முதல் அழுகைக்கு நானும் அழுதேன்.
நான்காம் நாள் பழகிவிட்டது,
பழகியதுதான் பயமாக இருந்தது.
குழந்தைகள் வார்டில் நரம்பு பிடிபடாமல்
ஒரு பிஞ்சுக் கையை இரண்டு முறை குத்தினேன்.
அதன் அப்பா ஒன்றுமே சொல்லவில்லை,
ஹெல்மெட்டின் வாரை அவிழ்த்தார், பூட்டினார், அவிழ்த்தார்.
எலும்பு வார்டுப் பையன்கள்
காலில் கம்பியோடு படுத்துக்கொண்டு
அடுத்த பைக் என்ன நிறம் என்று பேசினார்கள்.
எங்கேயும் இதுதான்:
ஒன்று, வீட்டுக்குப் போனார்கள்.
அல்லது, போனார்கள்.
பெயர் வாயில் படியுமுன்
படுக்கை விரிப்பு மாறியது.

கடைசி மூன்று வாரம் டயாலிசிஸ்.
யாரும் கேட்டு வாங்காத இடம்.
அங்கே யாரும் குணமாவதில்லை.
திங்கள் போனவர் புதன் வருவார்,
புதன் போனவர் வெள்ளி.

ஏழாம் நாற்காலி சித்திரவேலு, லாரி ஓட்டியவர்.
எடை பார்க்க ஏறுமுன்
செருப்பு, சாவிக்கொத்து, பல்செட்டு வரை கழற்றி வைப்பார்.
அப்படியும் மூன்றரைக் கிலோ நீர்.
"என்னா குடிச்சீங்க?"
"ஒண்ணுமே இல்ல தங்கச்சி. கொஞ்சம் செண்டோல்."
"கொஞ்சம்னா?"
"ரெண்டு."

ஊசி ஏற்றுமுன் அவர் இடது முன்கையில்
விரல் வைத்துப் பார்க்க வேண்டும்.
இரண்டு ரத்தக்குழாய்களைத் தைத்துச் சேர்த்த இடம்.
தோலுக்கடியில் ஓர் அதிர்வு ஓடும்.
துடிப்பு இல்லை, துடிப்புக்கும் கீழே
நிற்காத ஒன்று.
அது இருந்தால் இன்றைக்கு நடக்கும்.
அதைத் தொட்டபோது என் விரல் நடுங்கவில்லை.
ஏன் என்று இன்னும் தெரியாது.

மூன்றாம் வாரம், புதன்,
ஒன்பதாம் நாற்காலி காலி.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
சித்திரவேலு ரிமோட்டை எடுத்து
டிவி சத்தத்தைக் குறைத்தார்.
வெள்ளியன்று அதில் புதிதாக ஒருத்தி,
என் வயதுதான் இருக்கும்,
ஷூவைக் கழற்றலாமா கூடாதா என்று
என்னைப் பார்த்தாள்.

இதைப் போய் விருப்பம் என்று எழுதுவதா?
கட்டத்தின் மேல் வேறு சொல்லில்லை,
அதனால் எழுதினேன்.
அழித்தேன். எழுதினேன்.

இன்று வெள்ளி.
இந்நேரம் சித்திரவேலு பல்செட்டைக் கழற்றியிருப்பார்.
ஃபெரியின் கம்பியைப் பிடித்து நிற்கிறேன்.
அடியில் எங்கோ இயந்திரம்,
கம்பி வழியே உள்ளங்கைக்கு வருகிறது
அதே அதிர்வு.
கையை எடுக்காமலேயே அக்கரை சேர்ந்தேன்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கிளார்க்,
"பென்சில்ல எழுதினா செல்லாது" என்றார்.
நூலில் கட்டியிருந்த பேனாவை இழுத்து
முதல் கட்டத்துச் சொல்லின் மேலேயே
மறுபடி எழுதினேன், மெதுவாக.
"இன்னும் ரெண்டு கட்டம் காலியா இருக்கே?"

மணி மூன்று ஐம்பத்து மூன்று.