கொடுக்கன் வழக்கு

தேன்கனிக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே
செல்போன் ரிப்பேர் கடையின் மாடியில்
ஞாயிறு மூன்று மணிக்கு விசாரணை.
குற்றவாளி ஒரு பூச்சி.

கருங்கொடுக்கன். வேகம் நூற்று இருபத்தொன்று.
முதல் சுற்றில் விஷம் ஏற்றும்.
இரண்டாம் சுற்றில், கொட்டிய இடத்து ரத்தம் குடித்து
தன் காயத்தை ஆற்றிக்கொள்ளும்.
மூன்றாம் சுற்றைப் பார்த்தவர்கள் குறைவு.

எங்கள் போட்டியில் தடை செய்யலாம் என்று இரண்டு சீட்டு.
கூடாது என்று இரண்டு.
ஐந்தாவது என் கையில்.
ஓசூரில் இரவு ஷிப்ட் முடித்து
தூங்காமல் வந்திருந்தேன்.

நவ்ஷாத் நோட்டைத் திறந்தான்:
"நாற்பத்தாறு ஆட்டம். கொடுக்கன் இருந்த பக்கம்
முப்பத்தொண்ணுல ஜெயம். இன்னும் என்ன வேணும்?"

மாதேஷ் விடவில்லை:
"அதுல பதினெட்டு ஆட்டத்துல
ரெண்டு பக்கமும் கொடுக்கன்தானேடா.
ஜெயிச்சதும் அது, தோத்ததும் அது.
கழிச்சுப் பாரு."

கழித்தோம்.
இருபத்தெட்டுக்குப் பதின்மூன்று.
பாதிகூட இல்லை.

கீழே யாரோ அஞ்செட்டி அஞ்செட்டி என்று
பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுவது
திடீரென்று தெளிவாகக் கேட்டது.

மீதிப் பதினைந்தில் அதை வீழ்த்தியது யார் என்றேன்.
பதினைந்திலும் ஒரே பெயர்: கல்லாமை.
கல்லால் ஆன ஆமை.
பெயர் வைத்தவனுக்குப் பள்ளிக்கூடம் பிடிக்காது போல.
விஷம் ஏறாது. நகரவும் நகராது.
கொடுக்கனைத் தவிர
வேறு எதையும் வெல்லத் தெரியாது.

"பாத்தியா, மருந்து இருக்கு" என்றான் மாதேஷ்.
"மருந்து இருக்கிற நோய்க்கு ஏன் தடை?"

முனிரத்னா அதுவரை வாய் திறக்கவில்லை.
தளி ரோட்டில் அவள் வீட்டுக்கு
ஒன்றரை ஏக்கர் கேழ்வரகு.
"போன வருஷம் ஆனை எங்க கொல்லைக்கு வந்தது
மூணு ராத்திரி.
நாங்க முழிச்சிருந்தது எழுபது.
உன் நோட்டுல எதை எழுதுவ?"

நவ்ஷாத் நோட்டை மூடினான்.
நான் எல்லோருடைய அணிப் பட்டியலையும் வாங்கிப் பார்த்தேன்.
இருபத்திரண்டு பேர்.
கொடுக்கன் வராத ஆட்டத்திலும்
ஆறாவது இடத்தில்
போர்வை போர்த்தி உட்கார்ந்திருந்தது
ஒவ்வொருவரின் கல்லாமையும்.

தடை என்று எழுதி மடித்தேன்.
கொடுக்கனிடம் நான் நாலு முறை தோற்றிருக்கிறேன்.
அதை யாரும் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.

மூலையில் லகுமையன்.
பத்தாம் வகுப்பு. அவனுக்கு ஓட்டு கிடையாது.
ஐந்து மாதமாக அவன் வளர்த்ததெல்லாம்
ஒரே ஒரு கல்லாமை.
ஓடு முழுக்கப் பொன் வரி விழ
முந்நூறு ஆட்டம் ஆடியிருக்கிறான்.
"அப்போ இது எதுக்குண்ணா?" என்றான்.
மாதேஷ் என்னைப் பார்த்தான்.
நான் சார்ஜர் வயரைச் சுற்றத் தொடங்கினேன்.

ஐந்து மணிக்கு முதல் ஆட்டம்.
காலியான ஆறாவது இடத்தில்
யாரை வைப்பதென்று தெரியாமல்
அவரவர் போனை முறைத்துக்கொண்டிருந்தோம்.

லகுமையன் மட்டும்
எதையும் மாற்றவில்லை.