அக்கரை பச்சை

இக்கரைக்கு அக்கரை பச்சை.
ஸ்னேக் ஆற்றில் அது பழமொழி இல்லை,
மாநிலச் சட்டம்.

ஐடஹோவிலிருந்து பாலம் ஏறி வருகிறார்கள்.
ஆரிகன் பக்கம் இறங்கினால்
வரிசையாகப் பச்சைச் சிலுவை போட்ட கடைகள்.
அடையாள அட்டை காட்டினால் கஞ்சா,
ரசீதோடு, வரியோடு.

வாங்கலாம்.
கடைக்குள் தின்னக் கூடாது.
வாசலில் கூடாது. பூங்காவில், காரில் கூடாது.
மோட்டல் கதவில் அதற்கென்றே ஒரு தாள் ஒட்டியிருக்கிறது.
வீட்டுக்குக் கொண்டுபோகலாமென்றால்
வீடு ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
பாலத்தின் பாதியில் மருந்து குற்றமாகிவிடும்.
எந்தக் கம்பியிலிருந்து என்று எனக்குத் தெரியாது,
நாற்பது வருடமாக அதே பாலத்தில்
வெங்காய லாரி ஓட்டுகிறேன்.

அதனால் என் கிடங்குக்குப் பின்னால்
மூன்று நாற்காலி. சொந்த நிலம்.
காசு வாங்குவதில்லை;
வாங்கினால் அதற்கு வேறொரு சட்டம் இருக்கும்.
சிறுவனாக இருந்த என் அப்பாவை
இரண்டு பெட்டியோடு முள்வேலிக்குள் அனுப்பியதும்
கையெழுத்துப் போட்ட ஒரு தாள்தான்.
நிஷிஹாரா என்கிற பெயர் போதுமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை லரேயும் டெல்வினும் வந்தார்கள்.
வயிற்றில் கட்டி.
சட்டை மட்டும் நடந்து வந்த மாதிரி இருந்தார்.
எலுமிச்சை நிற மிட்டாய் ஒன்றை
அவள் நகவெட்டியால் பாதியாக்கினாள்.
"எங்கள் சபையில் காபிகூடக் குடிக்கமாட்டோம்"
என்றாள், நான் கேட்காமலே.
ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள்.
வெங்காயக் கிடங்கில் ஒரு வசதி,
கண்ணைத் துடைத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை.

மிச்சப் பாதியை எறிய அவளுக்கு மனமில்லை.
தாளில் சுற்றி, பெயர் எழுதி
எண்ணெய் டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்,
அடுத்த செவ்வாய்க்கு.

கிளம்பும்போது டெல்வின் கண்ணாடியை இறக்கி
"வெங்காய பஜ்ஜி மாதிரி விற்பார்களே, வளையம் வளையமாக,
எங்கே கிடைக்கும்?" என்றார்.
லரே சாவியைத் திருகாமல் அப்படியே இருந்தாள்.
பதினோரு நாளாயிற்றாம்
அவர் சாப்பாட்டின் பெயரைச் சொல்லி.
"அந்தப் பக்கமும் கிடைக்கும்" என்றேன்.

பாலம் தாண்டியதும் எப்போதும்
ஒரு போலீஸ் கார் நிற்கும்.
டிக்கியைத் திறந்து பார்த்திருந்தாலும் காலி.
அவர் கடத்திக்கொண்டு போனது பசி.

மூன்று செவ்வாய் ஆகிவிட்டது.
டப்பாவுக்குப் பின்னால் அந்தத் தாள் இருக்கிறது.
அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன்.
தபால் மத்திய அரசுடையது.
அங்கே வேறு சட்டம்.