ஆணி பிடிக்காத மண்

ஸ்பிட்டியில் சுத்தியல் உடைந்தது,
அப்படி இறுகிய மண்.
இங்கே வாலிநோக்கத்தில்
கட்டைவிரலால் அழுத்தினாலே இறங்கிவிடுகிறது கூடாரத்து ஆணி.
காற்று ஒருமுறை இருமினால்
எழுந்து வந்துவிடுகிறது.

முப்பத்தெட்டாம் நாள்.
ஆம்னியின் மீட்டரில் ஏழாயிரம் கூடியிருக்கிறது.
பின்சீட்டில் ஸ்டவ், பாதி மூட்டை அவல்,
பட்டான்கோட்டில் பேரம் பேசி வாங்கி
இனி எதற்கும் ஆகாத கம்பளிக் கையுறை.

மதியம், மலையேறும் பூட்ஸை மாட்டிக்கொண்டு
மாரியூர்ப் பக்கம் நடந்தேன்.
ஏற எதுவுமில்லை.
அடப்பங்கொடியைத் தாண்டுவதுதான் ஏற்றம்,
உடைமுள் பிடுங்க உட்கார்வதுதான் இறக்கம்.
உப்பளத்துக் குவியல்கள் தூரத்தில் வெளுத்துக் கிடக்க
ஒரு நொடி பனிமலை என்று நம்பி
என்னை நானே திட்டிக்கொண்டேன்.

டயாலிசிஸ் மெஷின்களுக்கு நடுவே
இருபத்தொரு வருடம் நின்ற கால் இது.
மணலில் ஒவ்வோர் அடிக்கும் பாதி அடியைத்
திருப்பி வாங்கிக்கொள்கிறது கரை.
கைபேசி சொன்னது:
உயரம், மைனஸ் ஒரு மீட்டர்.
குன்சும் கணவாயில் நாலாயிரத்து ஐந்நூறு என்று
பீற்றிக்கொண்ட அதே கைபேசி.

ராவணன் மீசை ஒன்று
உருண்டு உருண்டு என்னை முந்திப் போனது.
அதை நிறுத்தி யாரும் எதுவும் கேட்கவில்லை.

என்னை எல்லா ஊரிலும் கேட்டார்கள்.
அகேலி என்றார்கள்.
ஒண்டரிகானா என்றார்கள்.
ஒப்பளேனா என்று கேட்ட டீக்கடைக்காரர்
காசு வாங்க மறுத்ததில் எனக்குக் கோபம்தான் வந்தது,
ஏதோ இழவு வீட்டிலிருந்து வருகிறவளைப் போல.

இருட்டின பிறகு கரையோரம் ஒரு பைக்.
கடலோரக் காவல். டார்ச் முதலில் என் முகத்தில்,
அப்புறம் ஆதாரில்,
அப்புறம் சாய்ந்து கிடந்த கூடாரத்தில்.
பெயர்ப்பட்டையில் பூமயில் என்றிருந்தது.
நானும் அந்தக் கேள்விக்குப் பல்லைக் கடித்துக் காத்திருந்தேன்.
“தண்ணி இருக்காக்கா?” என்றாள்.

பிறகு,
“இந்த மண்ணுல ஆணி நிக்காது.
சாக்குல மண்ணை அள்ளிக் கட்டிப் புதைச்சு விடுங்க.
இது ஆண் கடல். தொண்டிப் பக்கம் போனா பெண் கடல்,
அங்கிட்டுப் போட்டிருந்தா இம்புட்டு ஆடாது.
எவன் வச்ச பேரோ.”

நாலு சாக்கு, நாலு குழி.
அவள் தோண்டினாள், நான் முடிச்சுப் போட்டேன்.
படகு ரோந்து என்றால் தனக்கு வாந்தி வரும் என்று
யாரிடமும் சொல்லாததைச் சொல்லிவிட்டு
கடலைப் பார்த்தாள், அது கேட்டுவிட்டதோ என்று.

போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.
பைக்கைப் பனையோரம் சாய்த்து
விளக்கணைத்து உட்கார்ந்துவிட்டாள்.
தனியாகப் படுக்கத்தான் இத்தனை தூரம் வந்தேன் என்று
சொல்லிவிட எழுந்தேன்.
ஸ்டவ்வில் நூடுல்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது,
உடைத்திருந்த பாக்கெட் இரண்டு.

“மலையில தூக்கம் வருமாக்கா?”
“வராது. மூச்சு முட்டும்.”
“அப்புறம் எதுக்குப் போனீங்க?”
நூடுல்ஸை ஊதினேன்.
அவளும் ஊதினாள்.

ஈரோட்டிலிருந்து தம்பி: எங்கே இருக்கே?
வரைபடத்தில் ஒரு புள்ளி அனுப்பினேன்.
அது கொஞ்சம் தள்ளி
கடலுக்குள் விழுந்திருந்தது.
திருத்தவில்லை.

எத்தனை மணிக்குப் போனாள் தெரியாது.
விடியலில் பைக் தடத்தின்மேல்
நண்டுகள் கோடு போட்டிருந்தன.
கூடாரம் ஒரு விரற்கடை நகரவில்லை.

பிரித்து மடிக்கும்போது
மூன்று சாக்குதான் வெளியே வந்தது.
நாலாவதை முழங்கை ஆழம் தோண்டியும் விடவில்லை,
ஈரம் ஏறிக் கனத்திருந்தது.
கயிற்றை அறுத்துவிட்டு வந்தேன்.

சாயல்குடி தாண்டுகிறபோது நினைத்தேன்,
அது இப்போது
எதைப் பிடித்துக்கொண்டிருக்கிறதோ.

மூன்றாம் கியரில் மணல் நறநறக்கிறது.