கனகேந்திரன் கடைசி 4

கருங்கல் சந்தைக்கு எதிரே
எனக்க டைப்பிங் கடைக்கு
செவ்வாய்தோறும் வருவார் கனகேந்திரன்,
முகாமில் கையொப்பம் போட்ட கையோடு.
பக்கத்துக்குப் பன்னிரண்டு ரூபாய்.
காசை எண்ணி வைத்த பிறகுதான்
தாளை நீட்டுவார்.

காலண்டர் தாளின் முதுகில்
எறும்பு எறும்பாய் எழுத்து.
பதுங்குகுழியில் தாள் தட்டுப்பாடாம்.
இங்கே தாராளமாய்க் கிடைத்தும்
எழுத்து பெரிதாகவில்லை.

"உயிர் பிழைத்தேன்" என்று அடித்தேன் ஒருநாள்.
எடுக்கச் சொன்னார்.
"தப்பி வந்தேன்" என்று போட்டேன்.
அதையும் எடுக்கச் சொன்னார்.
"பிழை எண்டாலும் தப்பு எண்டாலும்
குற்றம்தானே தங்கச்சி.
வேற சொல்லில்லையோ?"
சிரித்தார் என்றுதான் நினைத்தேன்.
கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன், தெரியாது.

புயல் அடித்த வருடம்
இரண்டு பஸ் மாறிக் கடற்கரைக்குப் போனார்.
எந்தப் பத்திரிகையும் அனுப்பவில்லை.
அனுமதி வாங்காமல் போனதற்கு
ஒரு பகல் முழுக்க ஸ்டேஷன் பெஞ்சில்
உட்கார வைத்தார்கள்.
திரும்பி வராதவர்களின் பட்டியலை அடிக்கையில்
பதினொன்றும் இருபத்தாறும் ஒரே பெயர்,
சூசைமிக்கேல்.
இரட்டித்துவிட்டதாக்கும் என்று
ஒன்றை அழித்தேன்.

நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.
"ரெண்டு பேர். ரெண்டு பேர் தங்கச்சி.
ஒருத்தனுக்கு இடது காதில தழும்பு.
மற்றவன்ர மகளுக்குப் போன மாசம்தான் ஞானஸ்நானம்.
ரெண்டு வீட்டிலயும் தேத்தண்ணி குடிச்சனான்."
பிறகு, ஜெராக்ஸ் மெஷினிடம் சொல்வதுபோல்,
"இப்பிடித்தான் அங்க எங்களைக் குறைச்சவங்கள்."

கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினேன்.
சூசைமிக்கேல் திரும்பி வந்தார்,
பட்டியலுக்கு மட்டும்.

போன பங்குனியில் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரியில்
அவர் முடிந்துபோனபோது
மூன்று வரிச் செய்தி வந்தது.
பெயர் கனகேஸ்வரன் என்றிருந்தது.
வயதும் தப்பு.
போன் பண்ணினேன்.
"சின்ன விஷயம்தானே மேடம்" என்றது ஒரு குரல்.
மறுநாளும் பண்ணினேன்.
அதற்கடுத்த நாள் எடுக்கவில்லை.

கம்ப்யூட்டரில் இன்னும் இருக்கிறது
"கனகேந்திரன் கடைசி 4" என்று ஒரு ஃபைல்.
அந்த வரிக்கு முடிவில்
என்ன சொல் போட்டோம் என்று மறந்துபோய்
திறந்து பார்த்தேன்.
"நான்" என்று இருந்தது.
பிறகு நாலு சொல்லுக்கான இடம்.
பிறகு ஒரு முற்றுப்புள்ளி.

சில்லறை இல்லாத ஒரு செவ்வாயில்
அவருக்க இருபது ரூபாய்க்கு
நான் திருப்பிக் கொடுக்காத எட்டு ரூபாய்
ஸ்டேப்ளர் பின் டப்பாவில் கிடக்கிறது.
இன்றைக்கு ரேஷன் கார்டு நகலெடுக்க வந்த பையன்
மிச்சம் கேட்டான்.
பக்கத்துப் பழக்கடைக்குப் போய்
மாற்றிக்கொண்டு வந்து கொடுத்தேன்.