வெண்பைன்

விஸ்கான்சின் பனியில் முழங்கால் புதைய
பெயின்ட் டப்பாவோடு நடக்கிறாள் லொரெட்டா ஓக்கிமோஷ்.
நோய் கண்டதற்கு ஒரு கோடு.
சாய்ந்ததற்கு ஒரு கோடு.
மூவர் சேர்ந்து கட்டிப்பிடிக்க வேண்டிய
வெண்பைன் முன் மட்டும்
கை தானாகத் தாழ்கிறது.
நல்லதை நிற்கவிடு,
மெனாமினி காட்டின் கணக்கு அது.
வேலிக்கு அப்பால்
அடிவானம் வரை சோளத்தட்டை.

அறுவை மில்லில் தம்பிக்கு
வாரம் மூன்றே நாள் வேலை.
நேற்றிரவு கேட்டான்:
"அந்தப் பெரிசு ஒன்றைக்
குறித்தால்தான் என்ன, அக்கா?"

பதில் சொல்லவில்லை.
இன்று அதை இருமுறை சுற்றி வந்தாள்.
மரங்கொத்தி துளைத்திருக்கிறதா,
பட்டை உரிகிறதா,
அடியில் காளான்,
ஏதாவது ஒரு சாக்கு.

மரம் ஆரோக்கியமாக நின்றது,
இரக்கமே இல்லாமல்.