நகத்தடியில் பச்சை

பகல் முழுக்க மருதனார்மடத்தில்
கிருமிநாசினி விற்கிறேன்.
ஒரு டாங்கிக்கு இத்தனை மூடி,
அடித்து ஏழு நாள் காய் பிடுங்கவேண்டாம்.
கடைசி வரியைச் சொல்வதற்குள்
ஆட்கள் சைக்கிளில் ஏறிவிடுகிறார்கள்.

இணுவிலில் என் வளவு ஒன்றரைப் பரப்பு.
ஒரு முழம் தோண்டினால்
சுண்ணாம்புக்கல் ணங் என்கிறது.
அதற்கு மேலே கிடந்த செம்மண்ணுக்குப்
பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தி,
மாட்டெருவுக்குக் கனகசூரியரிடம் கடன் சொல்லி,
இரண்டு மாரி பொறுத்தேன்.
இப்போது ஒரு பிடி பொத்தித் திறந்தால்
கொழுக்கட்டையாய் நிற்கிறது,
தொட உதிர்கிறது.

பயற்றங்கொடியில் அழுக்கணவன்.
வெண்டி இலையைச் சுருட்டிப் படுத்திருக்கிறது ஒன்று.
கத்தரிக் குருத்து வாடினால்
உள்ளே யாரோ குடிவந்தாயிற்று:
கிள்ளி அடுப்பில் போடுகிறேன்.
விடியச் சாம்பல்,
பொழுதுபட வேப்பங்கொட்டைக் கரைசல்,
இரவில் டோர்ச் லைட்டும் இரண்டு விரலும்.
பாவமடி என்கிறாள் தங்கை மேகலா.
கறியில் கத்தரிக்காய் காணாதென்றும் சொல்கிறாள்.

நேற்றுப் புன்னாலைக்கட்டுவனிலிருந்து ஒருவர்,
மிளகாய்க்கு எது திறம் என்றார்.
தட்டில் நாலு நிறத்தில் போத்தல்கள்.
காசுப்பெட்டிக்குப் பின்னால் முதலாளி.
சிவப்பு மூடியை எடுத்து நீட்டினேன்.
அவர் போத்தலைப் பார்க்கவில்லை.
என் பெருவிரல் நகத்தடியில்
காய்ந்துபோயிருந்த பச்சையைப் பார்த்தார்.
"உங்கட கண்டுகளுக்கு
என்ன அடிக்கிறியள், பிள்ளை?"

மிச்சக் காசை எண்ணினேன்.
இன்னொரு தரம் எண்ணினேன்.