நூறில் ஏழு

கொலை அப்புறம்.
அவனுக்குப் புத்தி தெளிவா என்பதுதான்
இன்றைய விசாரணை.

நூறிலிருந்து ஏழைக் கழி என்றார்
பெரியாஸ்பத்திரி டாக்டர்.
மொக்கராசு நெற்றியைச் சுருக்கினான்.
"ஏழும் எங்கிட்டுப் போச்சு?
நாய் கடிச்சதா, கழிச்சல் கண்டதா,
சந்தையில வித்ததா?
தெரியாம எப்படிங்க கழிக்க?"

பதில் இல்லை என்று தட்டச்சு செய்வதா,
தப்பான பதில் என்றா?
நீதிபதியைப் பார்த்தேன்.
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.

இது எந்த இடம்?
"மதுரைக் கோர்ட்டு."
இவர் யார்?
"என்னைய என்ன செய்யன்னு தெரியாம
உக்காந்திருக்கவரு."
வக்கீல்கள் சிரித்து,
இருமலாக மாற்றிக்கொண்டார்கள்.

உன்மேல் என்ன வழக்கு?
"அண்ணன்ட்ட கேளுங்க.
சோழவந்தான் பக்கம் கிடை போட்டுருக்கு.
கூப்பிட்டா வரும்."

குற்றப்பத்திரிகை, முதல் பக்கம், மூன்றாவது வரி:
ஒச்சப்பன், வயது நாற்பத்தொன்று,
இறந்தவர்.

வாய்தா போட்டாயிற்று.
டவாலி வாசலுக்குப் போய்
அடுத்த வழக்கின் பெயரை
மூன்று தடவை கூப்பிட்டார்.

மூன்றாவது தடவை
கூண்டுக்குள் மொக்கராசு
ஓர் ஆள் நிற்க இடம் விட்டு
ஒதுங்கி நின்றான்.

கேள்வி எதுவும் கேட்கப்படாததால்
நான் அதைப் பதிவு செய்யவில்லை.